சுகர் நோட்டில் ஒரு 174

7.6.2009, ஞாயிறு
கீரப்பாளையம்

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு அவமானமாக இருந்தாலும் மாற்ற மாட்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாயிற்று, இதுகூட முடியாதா?

தம்பி செம்பியனுக்கு மூன்று வயது. பிறந்த இரண்டாம் மாதத்திலிருந்தே சர்க்கரை நோய். தினமும் நாலு ஊசி. இன்று ஊசியைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். "இன்னிக்கு மட்டும் நீ போட்டுக்க அக்கா" என்கிறான்.

9.6.2009

சென்னையிலிருந்து ஜீன் சோதனை முடிவு வந்துவிட்டது. சிதம்பரம் டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். கணையத்தின் செல்லில் பொட்டாசியம் வெளியேற ஒரு கதவு உண்டு. சாப்பிட்டுச் சர்க்கரை ஏறியதும் அது மூட வேண்டும். மூடினால்தான் கால்சியம் நுழையும் கதவு திறக்கும். கால்சியம் உள்ளே வந்தால்தான் இன்சுலின் வெளியே வரும். தம்பிக்கு அந்த முதல் கதவு மூடுவதே இல்லை. அப்படியென்றால் இன்சுலின் அவனுக்குள்ளேயே இருக்கிறது!

மாத்திரை ஒன்று அந்தக் கதவை மூடிவிடுமாம். "கொஞ்சங் கொஞ்சமா ஏத்துவோம். அதுவரைக்கும் ஊசியும் இருக்கட்டும். தெனம் சுகர் எவ்ளோன்னு எழுதிட்டு வாங்க" என்றார். எழுதும் வேலை எனக்கு.

13.6.2009

மாத்திரை தொடங்கி நான்காம் நாள். சுகர் 291. "இது வேலைக்கு ஆவாது போலருக்கே" என்றார் அப்பா.

14.6.2009

சுகர் பார்க்கும் மிஷின் 274 காட்டியது. நோட்டில் 174 என்று எழுதினேன்.

15.6.2009

இன்றும் செய்தேன். 268 வந்தது, 168 ஆக்கினேன். மாத்திரை ஃபெயில் என்று டாக்டரம்மா நிறுத்திவிட்டால்? மறுபடியும் காலமெல்லாம் ஊசிதானா?

"கொறையுது பாருங்க மாமா!" என்று அம்மா அப்பாவிடம் நோட்டை நீட்டினாள். அழுதாள், சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

16.6.2009

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "பரவால்லையே! இதே மாத்திரை போதும். இன்னியோட ஊசிய நிறுத்திடலாம்."

ஐயோ — நிறுத்துவதா?

"மேடம், அந்த 174-ல மொதல்ல இருக்கறது ஒண்ணு இல்ல, ரெண்டு. நேத்தும் முந்தாநேத்தும் நூறு கொறைச்சி எழுதிட்டேன்."

"அடிப்பாவி! படிச்சி என்னாடி பிரயோஜனம்?" அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. "நம்பர் ஜாஸ்தியா இருந்தா மாத்திரைய ஏத்துவேன். கொறச்சலா இருந்தா ஊசிய நிறுத்துவேன். இப்ப நிறுத்தியிருந்தா உன் தம்பி ஆஸ்பத்திரில கெடந்திருப்பான். இது என்னா, உன் மார்க்கா?"

பேனாவை எடுத்து மாத்திரை அளவை ஏற்றினார். அம்மா நோட்டைப் பிடுங்கப் போனாள். "அவகிட்டயே இருக்கட்டும்மா. இனிமே மாத்த மாட்டா."

21.6.2009

226. அப்படியே எழுதினேன்.

27.6.2009

மாத்திரையை இன்னொரு முறை ஏற்றினார்கள். 158. அப்பா என் கையிலிருந்து மிஷினை வாங்கி நம்பரைத் தானும் பார்த்தார். எனக்கு வேண்டியதுதான்.

11.7.2009

118. ஊசி நிறுத்தி இன்றோடு மூன்று நாள்.

"அக்கா, ஊசி எங்க?"

"டாக்டரம்மா எடுத்துகிட்டாங்கடா."

"திருப்பித் தர வேணாம்னு சொல்லு."

அப்பா சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. ராத்திரி ஊசிக்காக விழித்திருக்க வேண்டியதில்லை என்று அம்மா எட்டரைக்கே பாய் விரித்தாள். இப்போது விளக்கையும் அணைத்துவிட்டாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் இந்த வரி.