ஊமைக்கட்டை

அன்புள்ள பாட்டு டீச்சரம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறார்களா?

நான் கூட்டித் துடைக்கும் அருங்காட்சியகத்தில் காலால் மிதித்து வாசிக்கும் ஒரு பழங்கால ஆர்மோனியம் இருக்கிறதல்லவா? நேற்று அதை வாசித்துக்காட்ட ஒருவர் வந்தார். கூட்டம் கூடிய பிறகு பார்த்தால், நட்ட நடுக்கட்டை ஊமை. பின்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ரீடு போச்சு, கச்சேரிய நிறுத்திடலாம்" என்றார் அதிகாரி.

என் வாய் சும்மா இருக்குமா? "ரீடு நல்லாத்தான் இருக்கு சார், தூசி அடைச்சிருக்கு" என்றேன்.

"கை வச்சே, வேலை போயிடும்!" என்று அதட்டினார் அதிகாரி.

பயப்படாதே, கை வைத்தும் வேலை போகவில்லை. உன் ஆர்மோனியப் பெட்டிக்கு நீ செய்வாயே, அப்படியே மெல்லிய காகிதத்தை ரீடின் பித்தளை நாக்குக்கு அடியில் விட்டு இழுத்து, தூசியைத் துடைத்தேன். கட்டை கணீரென்று பாடியது! கூடமே கைதட்டியது. அதிகாரி எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்.

"சங்கீதத்துல நீங்க ஞானசூனியம், துடைக்கத்தான் லாயக்கு" என்று புருஷனைக் கேலி செய்வாயே, துடைத்துத்தான் ஜெயித்தேன்!

நீ வாசிப்பதை ஃபோனில் பதிந்து அனுப்பு. நடுவில் நிறுத்தி என்னைத் திட்டுவாயே, அதையும் சேர்த்து. கதவு திறக்கும் நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன்
ஞானசூனியம்