வண்ணார்பேட்டையில் ஒரு குடை

பாளையங்கோட்டை,
1908 மார்ச் 17

என் அன்பான அப்பாவுக்கு,

லில்லி எழுதுகிறேன். நான் சுகம். நீங்கள் பார்த்து நிச்சயம் செய்த மாப்பிள்ளை இஸ்ரவேலும் சுகம். இந்த இரண்டையும் முதலிலேயே எழுதிவிட்டேன். இனி நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம்.

வெள்ளிக்கிழமை நடந்தது அம்பாசமுத்திரம் வரைக்கும் வந்திருக்கும். சுதேசித் தலைவர்களைப் பிடித்து அடைத்துவிட்டார்கள் என்று சேதி வந்ததும் ஊரே கடையை அடைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தது. மண்ணெண்ணெய்க் கிடங்கு பற்றிக்கொண்டது. பிறகு போலீசார் சுட்டார்கள். நாலு பேர் செத்துப்போனார்கள் என்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து மாடியிலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புகை மட்டும் தெரிந்தது. அது மேலே போகவும் இல்லை, கலையவும் இல்லை. இரண்டு நாளும் அப்படியே நின்றது. பிள்ளைகள் பாடம் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்கள். நானும் தூக்கத்தில் நடக்கிறவளைப் போலத்தான் இருந்தேன்.

இஸ்ரவேல் ஒரு வக்கீலிடம் நகல் எழுதுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். கோர்ட்டுக் கச்சேரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய வழியில் கூட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டாராம். வெடிச்சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடினார்கள். தெருவே காலியாகிவிட்டது. நடுவில் ஒரு வண்டிக்காரர் மட்டும் தொடையில் குண்டு பட்டு மல்லாந்து கிடந்தார். பெயர் ஐயம்பெருமாள். இஸ்ரவேல் ஓடாமல் அவரிடத்தில் போய், கையிலிருந்த குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிரே துப்பாக்கிகள். பிறகு பைய அவரை இழுத்து ஒரு கடை வாசலில் சேர்த்து, குடையை அவர் முகத்துக்கு மேலேயே வைத்துவிட்டு வந்தார்.

ஊர் இப்போது வேறு மாதிரிப் பேசுகிறது. குண்டெல்லாம் குடையில் பட்டு மல்லிகை மொட்டுப் போல உதிர்ந்ததாம்! எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள் தன் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறாள். அன்றைக்கு அவள் மேலப்பாளையத்தில் இருந்தாள்.

குடை யாருடையது என்று ஊருக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். நான் பெருமைப்படுகிறேன் அப்பா, பயமாகவும் இருக்கிறது.

உங்கள் மகள்,
லில்லி


அம்பாசமுத்திரம்,
1908 மார்ச் 21

அருமை மகள் லில்லிக்கு,

தகப்பன் தேவசிகாமணி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் கடிதத்தை ஒரு தரம் படித்துவிட்டு, அடுப்பில் போடலாமா என்று யோசித்து, போடாமல் வைத்திருக்கிறேன்.

நீ பெருமைப்படுகிறாய். அந்தக் குடை எது என்று யோசித்தாயா? நிச்சயத்தன்று மாப்பிள்ளை கையில் நான் கொடுத்த குடை. புதுக்குடை வாங்க வக்கில்லாமல் என் குடைக்கே துணி மாற்றிக் கொடுத்தேன். களவு போகாதிருக்க எல்லாரும் செய்வது போல, உள்பக்கம் வெள்ளை வர்ணத்தில் என் பெயரின் இங்கிலீஷ் எழுத்தும் போட்டிருந்தேன். அந்தப் பழக்கத்தில் புதுத்துணியிலும் போட்டுவிட்டேன். இப்போது என் பெயரல்லவா தெருவில் விரிந்து நிற்கிறது!

நான் மிஷன் சம்பளத்தில் இருக்கும் உபதேசியார். ராஜாவுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று ஞாயிறுதோறும் ஜனங்களுக்குச் சொல்லுகிறவன். மாப்பிள்ளை அன்று கூட்டத்தில் அகப்பட்டதைக் கேள்விப்பட்டு, இங்கே சபையார் அதற்குள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். நேற்று ஒருவர், “உபதேசியாரய்யா, ஒம்ம மருமவன் சுதேசிக்காரனாமே வே?” என்று கேட்டார்.

ஈஸ்டர் பண்டிகை முடிந்ததும் கலியாணம் என்று பேசியிருக்கிறோம். அதற்குள் அவர் போய்க் குடையை வாங்கிவிட வேண்டும். சொல்லிவிடு.

வெயிலில் அலையாதே. ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. இங்கே பாறையெல்லாம் முதுகு காட்டிக்கொண்டு படுத்திருக்கின்றன.

உன் அப்பா,
தே.


பாளையங்கோட்டை,
1908 மார்ச் 30

அன்பான அப்பாவுக்கு,

மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய எங்கள் கலியாண அறிக்கையை நேற்று கோவிலில் முதல் தரம் வாசித்தார்கள். சபைக் குருவான ஐயர் இரண்டு பேருடைய பெயரையும் சொல்லி, “தடை சொல்ல நியாயம் உள்ளவர்கள் உண்டோ?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்தினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு ஜென்மம் போய் வந்தது. ஒருவரும் எழவில்லை. ஆனால் ஆராதனை முடிந்ததும், நிச்சயத்தன்று அந்தக் குடையைப் பார்த்திருந்த மூப்பர் எலியேசர் வாசலிலேயே இஸ்ரவேலைப் பிடித்துக்கொண்டார்.

சேதி இதுதான். அடிபட்ட ஐயம்பெருமாளை வண்டியில் வண்ணார்பேட்டைக்குக் கொண்டுபோனவர்கள் குடையையும் கூடவே கொண்டுபோய்விட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அவர் சம்சாரம் குடையை விரித்து வீட்டு முகப்பில் கட்டி, அடியில் ஒரு விளக்கு ஏற்றி வைத்திருக்கிறாள். இப்போது ஊரே வருகிறது! பூச்சரம் போடுகிறார்கள், குழந்தைகளைக் கொண்டுவந்து அதன் நிழலில் கிடத்துகிறார்கள். உங்கள் எழுத்தை ஏதோ மந்திரம் என்று நினைத்து அதில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். அப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூப்பருக்குச் சிரிப்பு வரவில்லை. “ஒரு கிறிஸ்தவனுடைய பொருளு விக்கிரகமா நிக்கி. நீரு போயி எடுக்கலைன்னா ஒமக்கும் சம்மதம்னுதான் அர்த்தம். மூணாவது வாசிப்புக்குள்ள எடுக்கணும்” என்றார்.

எடுக்கப் போனால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். அந்த வீட்டுக்கு எதிரே ஒரு சாதா உடுப்புப் போலீசுக்காரர் காலையிலிருந்து இருட்டும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம், குடைக்குச் சொந்தக்காரன் எப்போது வருவான் என்று. கலகத்தில் நின்றவன் என்று ஒருவர் பெயர் அகப்பட்டாலும் போதும், பிடித்துக்கொண்டு போகிறார்கள். போனால் சிறை, போகாவிட்டால் சபைநீக்கம். இஸ்ரவேல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

அவருடைய தமக்கை சாரம்மாள் என்னோடு வாத்திச்சியாக இருக்கிறாளே, அவள் என் எதிரிலேயே அவரைக் கேட்டாள்.

“ஏம்லே குடைய விரிச்சே?”

“வெயிலுக்கா. அந்த மனுசன் மல்லாக்கக் கெடந்தாரு. சூரியன் நேரா கண்ணுல அடிச்சுது, மூடக்கூட முடியல அவருக்கு. அதான் விரிச்சேன்.”

“எதுக்க துப்பாக்கி நின்னுதே?”

“நின்னுது. அதுக்குக் குடை என்ன செய்யும்?”

அவ்வளவுதான் சொன்னார். அப்பா, நான் அன்றிலிருந்து விழித்துக்கொண்டே கனவு காண்கிறேன். பாடம் சொல்லித் தரும்போது, துணி துவைக்கும்போது, எப்போதும் அந்தக் காலித் தெருவும் வட்டமான ஒரு கறுப்பு நிழலும்தான் தெரிகின்றன. அதற்குள் சத்தமே இல்லை.

நீங்கள் வந்தால் நல்லது.

லில்லி


அம்பாசமுத்திரம்,
1908 ஏப்ரல் 3

மகளுக்கு,

வருகிறேன். ஆனால் நீ நினைக்கிற காரியத்துக்கு அல்ல.

கலெக்டர் கச்சேரியிலிருந்து வந்த ஒருவர், குடையின் எழுத்தை வைத்து விசாரணை நடக்கிறது என்று என் காதில் போட்டார். மிஷன் கணக்கர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இந்த வயதில் வேலையை விட்டு எங்கே போவேன்? நீ தாயில்லாப் பிள்ளை. உன்னை ஜெயிலுக்குப் போகிறவனுக்கும், பூப்போட்டுக் கும்பிடுகிற குடைக்கும் வாழ்க்கைப்பட விட்டுவிடுவேனா?

குருத்தோலை ஞாயிறன்று மூன்றாம் வாசிப்பு. ஐயர் கேட்கும்போது நான் எழுந்து தடை சொல்லுவேன். தகப்பன் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை. அழாதே. இரண்டு வருஷத்தில் எனக்கு நன்றி சொல்லுவாய்.

தேவசிகாமணி


பாளையங்கோட்டை,
1908 ஏப்ரல் 6

அப்பாவுக்கு,

இரண்டாம் வாசிப்பு நேற்று முடிந்தது. உங்கள் கடிதத்தைச் சாரம்மாளிடமும் அவரிடமும் காட்டவில்லை.

நான் கெஞ்சப் போவதில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது, அதை மறைக்கவும் தெரியவில்லை. நீங்கள் எழுந்து சொன்னால் நான் கீழ்ப்படிவேன், வேறு கலியாணமும் செய்துகொள்ள மாட்டேன். கடைசிவரை இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கணக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் குடையை எடுக்க நாளைக்கே போகிறேன் என்றுதான் சொல்லுகிறார். சாரம்மாள் காலைப் பிடித்துக்கொண்டு தடுத்திருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோவிலுக்கு வருமுன் அந்த வண்டிக்காரரை ஒரு தரம் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டுத் தடை சொல்லுங்கள்.

லில்லி


வண்ணார்பேட்டை,
1908 ஏப்ரல் 11, சனிக்கிழமை

என் கண்ணான லில்லிக்கு,

பென்சிலில் எழுதுகிறேன். கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

காலை ரயிலில் வந்து நேரே இங்கேதான் வந்தேன். நீ சொன்னதற்காக அல்ல. குடையைப் பிய்த்து ஆற்றில் எறிந்துவிட்டு உன்னிடம் வருவோம் என்றுதான் வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஐயம்பெருமாளின் சம்சாரம் என்னையும் கும்பிட வந்தவன் என்று நினைத்து மோர் கொடுத்தாள். அவர் முகப்பிலேயே கட்டிலில் கிடந்தார். குடை அவர் தலைமாட்டுக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. பூவும் புகையுமாய் ஒரு வாசனை. எனக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே சிறிது நேரம் மறந்துவிட்டது. “அய்யா, நான் செத்துட்டேன்னுதான் நெனச்சேன். வானம் பூரா வெள்ளையாக் கெடந்துது. பெறகு கறுப்பா ஒண்ணு வந்து மூடிச்சு. அதுக்குள்ள ஒரு மொகம். பயப்படாதேயும், நான் இருக்கேன்னுச்சு” என்றார். இத்தனை வருஷம் எத்தனையோ சாவுப் படுக்கையின் பக்கத்தில் உட்கார்ந்து அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன் மகளே. துப்பாக்கிக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னதில்லை.

நான் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்த சாதா உடுப்புப் போலீசுக்காரர் கவனித்துவிட்டார். எழுந்து வந்து, “என்ன பெரியவரே, குடை யாரு குடைன்னு தெரியுமோ?” என்றார்.

“என் குடை. அது என் பெயரெழுத்து” என்றேன்.

“அன்னைக்கு அங்கன இருந்தது நீருதானா?”

பொய் சொல்ல எனக்கு வராது. “குடை என்னுடையது. இனி எதுவானாலும் என்னைத்தான் கேட்க வேண்டும்” என்றேன். திங்கட்கிழமை விசாரணையாம், அதுவரை போலீஸ் ஸ்டேஷனில் இருக்க வேண்டுமாம். நல்ல மனிதர்தான், கடிதம் எழுத இடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நிற்கிறார். மாப்பிள்ளையிடம் சொல்லு, ஓடிவந்து நானென்று சொல்லக் கூடாது. மாமனார் உத்தரவு.

வேலை போய்விடும். பயமாகத்தான் இருக்கிறது.

குடையை இறக்கிவிட்டார்கள். மூப்பர் எலியேசருக்கு இனி மனக்குறை இராது. குடை இருந்த இடத்துக்கு அடியில் அந்த அம்மாள் மறுபடியும் விளக்கை ஏற்றி வைத்திருக்கிறாள். வைக்காதே என்று சொல்லவேண்டியவன் நான். வாய் வரவில்லை.

நாளை நான் கோவிலில் இருக்க மாட்டேன். ஐயர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்துவாரே, அப்போது தலையைக் குனிந்துகொள்ளாதே. ஒருவரும் எழமாட்டார்கள்.

உன் அப்பா,
தேவசிகாமணி