மேல் நான்கு விரல் கலங்கல்

அப்பா,

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு இன்று காலியாகிவிட்டது. அம்மா அதைச் சோப்புப் போட்டுத் துடைத்து, வெண்டைக்காயையும் கொத்துமல்லியையும் அடுக்கிவிட்டாள். ஆனாலும் சற்று முன்பு தண்ணீர் எடுக்கத் திறந்தபோது அந்த வாசனை வந்தது. நம் முதுநகர்ச் சேற்று வாசனை இல்லை. அதில் உப்பும் மீனும் இருக்கும். இது ஈரச் சிலேட்டை முகர்ந்தது போல இருக்கும். அம்மா தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு, வேதியியல் நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். இன்றிரவு வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அந்தக் குழாயை நீங்கள் கொண்டுவந்த சாயங்காலம் நினைவிருக்கிறது. சிதம்பரத்தில் உங்கள் ஆய்வகத்தின் குளிர் அறை பழுதாகி, இருந்த சேற்றுக் குழாய்களையெல்லாம் எங்கெங்கோ வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். நீளவாக்கில் பிளந்த ஒரு பிளாஸ்டிக் குழாயின் பாதி, என் முழங்கை நீளம். உள்ளே ஏரி அடியிலிருந்து எடுத்த சேறு. மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, பேருந்தில் மடியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தீர்கள்.

"மீனு வெக்கிற எடத்துல சேத்த வெக்கிறீங்களே, இது என்னா ஃப்ரிட்ஜா, குட்டையா?" என்றாள் அம்மா.

"உன் மீனவிட இது ஜாஸ்தி நாளு தாங்கும்" என்றீர்கள்.

பிச்சாவரத்தில் படகு தள்ளிக்கொண்டிருந்த உங்களை, மிதவையை அசையாமல் நிறுத்தத் தெரிந்தவர் என்றுதான் ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று கோடைகள் ஏரிச் சேறு எடுக்க லடாக் பக்கம் போய்வந்தீர்கள். அன்று ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, கரண்ட் வீணாகிறது என்று அம்மா கத்தக் கத்த, தாளைப் பிரிக்காமலே கீழ்ப்பக்கத்துக் கோடுகளை எனக்குக் காட்டினீர்கள்.

"வெளுப்பா இருக்குதுல்ல, அது வெயில் காலம். பனி உருகி ஓடையெல்லாம் மண்ண அடிச்சிக்கினு வரும். கனமான மணலு ஏரி வாயிலயே உக்காந்துடும். நொய்யி மாதிரி இருக்கறது உள்ள வரைக்கும் போயி உழும். மாவு மாதிரி இருக்கு பாரு, அது மட்டும் எறங்காது. காத்து கலக்கிக்கினே இருக்கும்."

"அப்ப எப்பதான் எறங்கும்?"

"மேல ஐஸு மூடினப்புறம். காத்து உள்ள போவ முடியாது, ஓடையும் நின்னு போயிடும். மாசக்கணக்கா மெதுவா எறங்கும். அதான் இந்தக் கறுப்புக் கோடு. வெளுப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணு. ஒரு வருசம் ஆச்சி."

பிச்சாவரத்துச் சேற்றில் ஏன் கோடு இல்லை என்று கேட்டேன்.

"நம்மூரு நண்டு உடுமா? தோண்டித் தோண்டி எல்லா வருசத்தையும் ஒண்ணாக்கிடும். மிச்சத்த அலை பாத்துக்கும்."

ஓடைத் தண்ணீர் ஏரியில் சேருகிற இடத்தில் காணாமல் போய்விடும் என்று சொன்னது அதைவிட எனக்குப் பிடித்திருந்தது. பனி உருகிய தண்ணீர் மண்ணும் குளிருமாகக் கனத்துப்போய், தெளிந்த தண்ணீருக்கு அடியில் நுழைந்து தரையோடு ஊர்ந்து போகும் என்றீர்கள். மேலே இருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்குமாம்.

பிறகு சொன்னீர்கள்: "நீ பொறந்த வருசம் மேலேருந்து ரெண்டு வெரலுக்குள்ளதான் இருக்கு. இப்பப் பிரிக்கக் கூடாது. ரூமு சரியாவட்டும், ஒரு நாளு சிதம்பரத்துக்குக் கூட்டினு போயி காட்டுறேன்."

அறை சரியாவதற்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது. உங்கள் சட்டைகளை அம்மா கோயிலுக்குக் கொடுத்தனுப்பினாள். குழாயை மட்டும் எடுக்கவில்லை. "அத யாரும் தொடக் கூடாது" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

நான் தொட்டேன் அப்பா. மூன்று மாதத்துக்கு முன்பு, பள்ளி விட்டு வந்த ஒரு மத்தியானம். என் வருடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் பிரித்தேன். கீழே கோடுகள் சரியாக இருந்தன. மேலே நான்கு விரல் அகலத்துக்குக் கோடே இல்லை, கேழ்வரகுக் கூழ் மாதிரி இருந்தது. வெளியே எடுக்கும்போது சாய்த்துவிட்டேன் என்று நினைத்தேன். வெண்ணெய்க் கத்தியால் சமப்படுத்திப் பார்த்தேன். தேய்க்கத் தேய்க்க மோசமானது. அப்படியே சுற்றி உள்ளே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் கீழே பார்க்காமல் பால் எடுக்கப் பழகிக்கொண்டேன்.

நேற்று ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. குழாயை எடுத்துப்போக வருகிறோம் என்றார்கள். மாமா அதைக் கேட்டுவிட்டு அம்மாவிடம், "ஆபீசு பொருள மச்சான் ஏன் வீட்டுல வெச்சிக்கினாரு? நாளைக்கி திருடினாருன்னு சொன்னாக்கூட நம்மால வாயத் தொறக்க முடியாது" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. திருடியதாகவும் சொல்வார்கள், கெடுத்ததாகவும் சொல்வார்கள். இரண்டும் உங்கள் தலையில் விழும். இரண்டாவது என்னால்.

இன்று மத்தியானம் ஆய்வகத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். உங்களோடு கடைசிக் கோடை லடாக்குக்குப் போனவராம். தோளில் ஐஸ் பெட்டி, கையில் ஒரு பழைய நோட்டு. அம்மா டீ போட உள்ளே போனாள். அக்கா தாளைப் பிரித்து மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் அக்கா கெடுத்தேன். அப்பா மேல தப்பு இல்ல. மூணு மாசத்துக்கு முன்னால பிரிச்சி நான் சாச்சிட்டேன், அப்புறம் கத்தி போட்டுத் தேச்சேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். பென்சில் எழுத்து. அந்தக் குளிரில் பேனா ஓடாது என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்து, கொஞ்சம் கோணலாக:

"மேல் நான்கு விரல் கலங்கல். மேலே நின்ற தண்ணீரை வடிக்காமல் குழாயைச் சாய்த்தேன். தவறு என்னுடையது."

"வெரலு மரத்துப் போச்சி அன்னிக்கி அவருக்கு" என்றார் அக்கா. "யாருமே பாக்கல. எழுதலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. சாயங்காலமே உக்காந்து எழுதிட்டாரு."

கடைசிப் பக்கத்தையும் காட்டினார். குளிர் அறை பழுது, குழாய் என் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்திலேயே உங்கள் பேராசிரியர் ஒப்பமிட்டிருந்தார். அதை வாங்கிக்கொண்டு போய், வாசலில் உட்கார்ந்திருந்த மாமாவின் முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "கரெக்டான ஆளுதான்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப நான் தேச்சது?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"ரெண்டு வெரலு தேச்சிருக்க. ஏற்கெனவே கலங்கின எடம்தான், கோடு எதுவும் போவல. இதுக்கா மூணு மாசமா பயந்துக்கினு இருந்த? கலங்கின எடம் எதுன்னு தெரிஞ்சா நாங்க அத உட்டுட்டு அதுக்குக் கீழேருந்து பாப்போம். தெரியாம போனாத்தான் வருசக் கணக்கு தப்பிடும்."

நான் பிறந்த வருடம் என்னவாயிற்று என்று கேட்டபோதுதான் அவர் சிரித்தார். "அது இந்தக் குழாயில அந்த ஏரியிலயே கலங்கிடுச்சிம்மா. பக்கத்துல எடுத்த இன்னொரு குழாயில பத்திரமா இருக்கு. அதுவும் உங்கப்பா எடுத்ததுதான். அதுல ஒழுங்கா தண்ணிய வடிச்சிருக்காரு. லீவுல வா, காட்டுறேன்."

இல்லாத ஒன்றைக் கெடுத்துவிட்டேன் என்று மூன்று மாதம் அழுதிருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்தபோதே அது கலங்கிப்போனது என்று உங்களுக்குத் தெரியும். என் வருடம் மேலே இருக்கிறது என்று மட்டும் சொன்னீர்கள். உங்கள் மேல் கோபப்படலாமா என்று யோசித்தேன். வரவில்லை. இரவு மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன். அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த ஒரு பயம் பாக்கி இருக்கிறது. காலையில் அவள் பூ கட்டும்போது சொல்வேன்.

அக்கா கிளம்புவதற்கு முன்பு பென்சிலை என்னிடம் நீட்டினார். நான் செய்ததையும் எழுதச் சொன்னார். உங்கள் வரிக்குக் கீழே இடம் இருந்தது. "மேல் இரண்டு விரலை வெண்ணெய்க் கத்தியால் தேய்த்தேன். தவறு என்னுடையது" என்று எழுதினேன். கையெழுத்துப் போடச் சொன்னார். பள்ளியில் எப்போதும் போடுகிற அதே கையெழுத்துதான்: முதலில் உங்கள் பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு என் பெயர். உங்கள் எழுத்து, மேலே இருந்த உங்கள் வரியைப் போலவே கோணலாக விழுந்தது. என் பெயர் நேராக வந்தது.