பதினேழாம் தேதிப் பக்கம்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல ஆரம்பிக்க இந்த முறை கை வரவில்லை. அப்பாவுக்கு முட்டிவலி, எனக்குக் கண் எரிச்சல், தாத்தா மட்டும் குறை சொல்லிக்கொண்டே மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார். கண் எரிச்சல் உன் சின்னத் தாத்தாவின் சிறை நோட்டால் வந்தது. விடுதலைப் போராட்டத்தில் பிடிபட்டு இருபத்து மூன்று வயதில் உள்ளேயே இறந்தவர் ஒளித்து ஒளித்து எழுதியது, கூட இருந்த கைதி தலையணைக்குள் வைத்துக் கொண்டுவந்தது, அதைத்தான் புத்தகத்துக்காகப் பிரதி எடுக்கிறேன். அவர் வீட்டுக்குப் போட்ட கடிதங்களைச் சாப்பாட்டு மேஜையில் இடப்பக்கமும் நோட்டை வலப்பக்கமும் வைத்துத் தேதி பார்த்துச் சேர்க்கிறேன். கடிதத்தில் நன்றாகப் பசிக்கிறது என்று இருக்கும் நாளில் நோட்டில் ஈறில் ரத்தம், காய்ச்சல். படிக்கப் படிக்க அலுத்துப்போகிறது, அவர் மேல் கோபம்கூட வருகிறது. பதினேழாம் தேதிக் கடிதத்தில், அண்ணா, பார்க்க அனுமதி கிடைத்தாலும் வரவேண்டாம், வீண் அலைச்சல், நான் சௌக்கியம் என்று எழுதியிருக்கிறார். தாத்தா அதை நம்பிப் போகவில்லை. நோட்டில் அதே தேதியில், வராதே என்று எழுதிவிட்டேன், எழுதியதிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று இருக்கிறது. அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் அவர் உயிரோடு இல்லை.

பதிப்பாளர் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். வீரன்னா ஜனங்க மனசுல ஒரு உருவம் இருக்குங்க, அதைப் போய்க் கெடுப்பானேன் என்றார். தாத்தா காதில் விழாமல் போகுமே என்று எனக்கும் உள்ளூர நிம்மதிதான். அந்தப் பக்கத்தின் பிரதியை மூன்று வாரம் துணி அலமாரியில் ஒளித்துவைத்தேன். ஆனால் எழுதியதைத் தினமும் தாத்தாவுக்குப் படித்துக் காட்டுகிறேன் அல்லவா, விடுவாரா மனுஷர். பதினாறு படிச்சே, பதினெட்டு படிச்சே, நடுவுல என்ன, அன்னிக்கு ஜெயிலுக்கு லீவா என்றார். வேறு வழியில்லாமல் படித்தேன். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், சின்னதுல கை ஒடிஞ்சப்பவும் ஒண்ணுமில்லண்ணான்னு சொன்னவன்தான் அவன், தெரிஞ்சும் நம்பினேன், நம்பறது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு, அந்தப் பக்கத்தைப் போடும்மா என்றார். அது இல்லாமல் புத்தகம் இல்லை என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும்.

அன்றைக்கே உன் போன கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஆபரேஷன் சின்னதுதான், தோழி பார்த்துக்கொள்கிறாள், வேலையை விட்டு நீ வரவேண்டாம்மா, நான் நல்லா இருக்கேன் என்று எழுதியிருக்கிறாய். நீ நோட்டு ஏதும் எழுதுகிறாயா, எனக்குத் தெரியாது. விடுப்பு போட்டுவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை காலை வண்டியில் வந்து இறங்குவேன். ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதே, படுத்திரு. மாத்திரையை வேளை தவறாமல் போடு. தாத்தாவும் அப்பாவும் மனசார ஆசீர்வாதம் சொல்கிறார்கள். வரவேண்டாம் என்று பதில் போடாதே, போட்டாலும் நம்பமாட்டேன். கதவை மட்டும் தாழ் போடாமல் வை.

உன் அம்மா