புளி போட்டுத் தேய்த்த அம்மன்

1937 தை, செவ்வாய் இரவு. கம்பம்.

அந்தப் பித்தளை அம்மனை நான் விலைக்கு வாங்கியதாகத் தெருவில் பேசுவது பொய். மலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் மகன் அனுப்பியது. கறுத்துக் கிடந்தது. அழுக்கை நான் வீட்டில் வைப்பதில்லை. புளி போட்டு நானே தேய்த்தேன்.

இன்று மலைவாழ் பளியர்களின் பூசாரி அதைத் தேடி மலையிறங்கி வந்தார். எடுத்துக் கொடுத்தேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"பாட்டன் காலத்துலருந்து பூசுன மஞ்சளு, தாயி. ஆத்தா முகத்தையே தேய்ச்சுப்புட்டீகளே. இனி மலைக்கு வர மாட்டா."

"அப்ப எங்கன இருப்பா?"

"எடுத்தவுக கூடத்தேன்."

அலமாரியில் அது முகமில்லாமல் பளபளக்கிறது. செபமாலை பாதியில் நின்றுவிட்டது.

காலையில் மகனுக்கு எழுத வேண்டியது: எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்கவில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் கையாலேயே எழுதிப் பதில் அனுப்பு.