நான்கு யன்னல்கள், ஒரு திரை

இன்று காலை சேர்வர் அறைக் கதவைத் திறந்ததும் தைல மணம் வந்தது. உமக்குப் பிறகு வேலைக்கு வந்த பர்சானா, தடிமன் பிடித்து, குளிரூட்டிக்குக் கீழே மூக்கைத் தேய்த்தபடி இருந்தார். எனக்கோ ஒரு கணம் அங்கே இருந்தவர் நீர்தான். நெற்றியில் தைலம் பூசி, கம்பளிச் சட்டைக்கு மேலே சால்வையும் போர்த்து, வெளியே கிளிநொச்சி வெயில் கொதிக்கையில் உள்ளே மார்கழியில் இருப்பவரைப் போல நீர் இருந்த கதிரை அது. வாசலிலேயே நின்றுவிட்டேன். "என்ன சேர், உள்ளுக்க வரேல்லையோ?" என்று அவர் கேட்டபிறகுதான் நீர் போய் இரண்டு வருடமாகிறது என்பது எனக்குத் திரும்பவும் தெரிந்தது.

நாம் இருவரும் ஒரே கிழமையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீர் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து, நான் அக்கராயன் வயல்களுக்கு நடுவிலிருந்து. அந்த அறையில் நான்கு இடைத்தர சேர்வர்கள்; நெஞ்சளவு உயரத்தில் கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் கட்டளை கொடுக்கத் தனித்தனித் திரையும் விசைப்பலகையும் அறையின் ஒவ்வொரு மூலையில் இருந்தன. நாள் முழுக்க ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடப்போம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நான்கும் சேர்ந்து இரைவதில் உமக்குக் கண் சொருகும். "கண்ணை மூடினா வீட்டு வாசல்ல படுத்திருக்கிற மாதிரிக் கிடக்கு. கடல் இரையிற சத்தம் இதேதான்" என்பீர். நானும் கண்ணை மூடிப் பார்ப்பேன். எனக்கு அறுவடை இயந்திரம்தான் கேட்கும்.

பிறகு அந்தப் பழைய திரைகளில் இரண்டு பழுதாகின. மாற்றுத் திரை எங்கும் கிடைக்கவில்லை. ஒரு சாதாரண மேசைக் கணினியையே நான்குக்கும் பொதுவான கட்டளைத் திரையாக்கலாம் என்றீர். மூன்று கிழமை தரையில் இருந்து கேபிள் இழுத்தோம். ஒவ்வொரு சேர்வரும் ஒவ்வொரு சாட்டுச் சொல்லி இணைய மறுத்தது. ஒருநாள் முற்பகல் ஒரே திரையில் நான்கு யன்னல்கள் திறந்து, நான்கிலும் ஒரு பச்சைப் புள்ளி துடித்தது. நீர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தீர். "நாலு பேரும் ஒரு முற்றத்துக்கு வந்திட்டினம்" என்று மட்டும் சொன்னீர். அதற்குப் பின் வந்த மாதங்களை நினைத்தால் எங்கோ மிதந்துகொண்டிருந்தது போல இருக்கிறது. கதிரையை விட்டு எழும்பாமலே வேலை நடந்தது. நாம் கதைத்துக்கொண்டே இருந்தோம். என்ன கதைத்தோம் என்பது ஒன்றும் நினைவில் இல்லை. உமது குரல் மட்டும் இருக்கிறது.

அந்த மாரியில்தான் நான் பிழை விட்டேன்.

மின்சாரம் நின்று, ஜெனரேற்றரில் டீசல் குறைந்துகொண்டிருந்த பின்னேரம். மூன்றாவது சேர்வரை நிறுத்தச் சொன்னார் முகாமையாளர். அதில் களஞ்சிய விபரங்கள்தான். ஒருநாள் நின்றாலும் ஒன்றும் ஆகாது. இரண்டாவது அப்படியல்ல. குளம் நிரம்பி, மிஞ்சும் தண்ணீரை வெளியேற்ற வான்கதவுகளைத் திறக்கமுன் கண்டாவளைப் பக்கத்து வீடுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது அதுதான். அன்றும் கதவு திறக்கப்போகும் தகவல் வந்து, செய்திகள் போகத் தொடங்கியிருந்தன. நீர் தேத்தண்ணி எடுக்கப் போயிருந்தீர். நான் நிறுத்தும் கட்டளையை அடித்தேன். ஒரு பெட்டியின் இரைச்சல் மெல்ல இறங்கி அடங்கியது.

இரண்டு கோப்பைகளோடு வாசலில் நின்றீர். சத்தத்தை வைத்தே உமக்கு விளங்கிவிட்டது.

"எதை நிப்பாட்டினீர்?"

"மூண்டை."

"இல்லை. அது ரெண்டு."

நான்கு யன்னல்களும் ஒரே கறுப்பு, ஒரே பச்சை எழுத்து. மேல் மூலையில் ஒரு சின்ன இலக்கம்தான் வித்தியாசம். முன்பு நடந்து திரிந்த காலமென்றால் என் கால்களுக்கே தெரிந்திருக்கும்.

அதை மீண்டும் எழுப்ப அரை மணித்தியாலம் வேண்டும். கதவு திறக்க ஒரு மணித்தியாலமே இருந்தது. எத்தனை வீடுகளுக்குச் செய்தி போனது என்று தெரியாது. நீர் ஏசவில்லை. சேர்வரின் பொத்தானை அழுத்திவிட்டு, அலுமாரியிலிருந்து முன்பு அச்சடித்து வைத்த, அந்த வீடுகளின் பெயரும் தொலைபேசி இலக்கமும் உள்ள பட்டியலை எடுத்து, நடுவால் கிழித்து, ஒரு பாதியை என்னிடம் நீட்டினீர்.

"முதல்ல போனை எடுத்துக் கதையும். பயப்பிடுறதைப் பிறகு பாப்பம்."

"அம்மா, வான்கதவு திறக்கப் போகினம். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போங்கோ. பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கோ. ஓம், இப்பவே." அதே சொற்களை அதே நிதானத்தில், ஒவ்வொருவருக்கும் முதன்முதலாகச் சொல்வது போலச் சொன்னீர். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நானும் என் பாதியை முடித்தேன். சேர்வர் எழும்பி மிச்சச் செய்திகளும் போனபோது தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. தண்ணீர் வந்தது, வயல்களை மூடியது, ஆட்கள் எல்லோரும் மேட்டில் இருந்தார்கள். பொழுதுபடும் நேரம் யாரோ ஒரு அம்மா உமக்குத் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, மாடு மூண்டும் மேட்டில நிக்குது. நீ சாப்பிட்டியோ?" அப்போதுதான் உமது கண் கலங்கியது.

மறுநாள் விசாரணை. "நான்தான் சேர்" என்று எழும்பினேன். நீரும் எழும்பினீர்.

"நிப்பாட்டினது அவர்தான். ஆனா நாலையும் ஒரே மாதிரிக் காட்ட வைச்சது நான். ரெண்டையும் எழுதுங்கோ சேர்."

முகாமையாளர் இரண்டையும் எழுதினார். அன்று பின்னேரமே யன்னல்களுக்கு நான்கு நிறம் கொடுத்தீர். இரண்டாவதுக்கு நீலம்.

வவுனியா ஆஸ்பத்திரியில் உம்மைப் படுக்கையில் பார்த்த கடைசித் தடவை, மருந்து மயக்கத்திலிருந்து கண் திறந்து, "நாலும் ஓடுதோ?" என்றீர். "ஓம், ஓடுது" என்றேன். சிரித்துவிட்டுத் திரும்பக் கண்ணை மூடினீர். அன்று விசாரணையில் என்னோடு எழும்பி நின்றதற்கு உமக்கு நன்றி சொல்ல எண்ணித்தான் பஸ் ஏறியிருந்தேன். சொல்லாமலே வந்துவிட்டேன்.

போன மாதம் பர்சானா ஒரு பிழை விட்டார். பழைய பதிவுகள் கொஞ்சம் அழிந்துபோயின. அறிக்கை எழுதவேண்டியவன் இப்போது நான். அவர் செய்ததை முதல் வரியில் எழுதினேன். அந்தக் கட்டளையை அவருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காதது நான் என்பதை இரண்டாவது வரியில் எழுதவேண்டும். பேனாவைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தேன். பிறகு எழுதினேன். அந்த இரண்டாவது வரி இவ்வளவு பாரம் என்று அன்று உமது முகத்தைப் பார்த்து நான் நினைக்கவேயில்லை.