தெருமுனை தாண்டியும் நிற்காத புகை

சரசா,

நீ ரேஷன் கடையிலிருந்து வருவதற்குள் கிளம்பிவிட்டேன். சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது. தோசை ஊற்றி மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு.

நம் டீசல் டாக்சியின் வெள்ளைப் புகை பனியால் வருவதில்லை, தெருமுனை தாண்டியும் நிற்கவில்லை என்று நீதான் சொன்னாய். "உனக்கு இன்னா தெரியும்?" என்று கத்திவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் செல்வகுமார், "ரேடியேட்டர் தண்ணி இன்ஜினுக்குள்ள போய்க்கினு கீது. இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா இன்ஜினே காலி. யாரு கண்டுபுடிச்சது?" என்றார். உன் பெயரைச் சொன்னேன்.

ஓட்டுகிறவனுக்கு முன்னால்தான் கண். தினமும் கேட்டில் நின்று வழியனுப்பியதால் நீ பார்த்தாய்.

வேலை முடிந்ததாம். வண்டியை எடுக்கப் போகிறேன்.

தங்கவேல்

பி.கு.: சண்டை போட்ட அன்று நீ கேட்டுக்கு வரவில்லை. நாளை காலை வா. புகை இருக்காது, இருந்தாலும் வா.